மேளம் இல்லாத இசைத்தட்டு

அம்மருட், ஒஸ்லோ
20.11.2005

அன்பு மகள் துவனிக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயப்படாதே. அம்மா சுகம். நடந்தது எனக்குத்தான். ஊரார் வாயால் நீ கேட்க முன்னம் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

நேற்றுத் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா. வழக்கம்போல ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நான். படித்த காலத்தில் சோதனையில் இரண்டு தரம் குண்டடித்துத் தோற்றவனுக்குச் சபையில் கொடுக்கக்கூடிய பதவி அதுதான். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும்.

பிரதம விருந்தினர் விளக்கேற்ற மெழுகுதிரியைக் கையில் எடுத்தார். விழாத் தலைவர் ஜெயரத்தினம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நாதஸ்வரம் வர வேண்டும். அழுத்தினேன். வந்தது உன்னுடைய அமெரிக்கர்கள்.

முதலில் ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆங்கிலத்தில் கத்தினான். அதன் பிறகு இரும்புக் கடை ஒன்று படியில் உருண்டது. பிரதம விருந்தினர் மின்சார ஒழுக்கு என்று நினைத்துப் பின்னால் பாய்ந்தார். மெழுகுதிரி நூர்ந்து அணைந்துவிட்டது. ஜெயரத்தினம் ஓடி வந்தார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! என்னண்ணை இது, மேலை ஏதும் விழுகுதே?"

பதற்றத்தில் நான் நிறுத்துவதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அம்மா மட்டும் எழும்பவில்லை. நேற்றிலிருந்து வீட்டில் எனக்குத் தேநீர் வருகிறது, பேச்சு வரவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்பாய். உன் அறையில் இருந்த தட்டு ஒன்றை, நாய்ப்படம் போட்டதை, சில கிழமைகளாக நான் ஓட்டுகிற லோண்டரி வான் வண்டியில் வைத்துக் கேட்டு வந்தேன். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்புக் கொண்டுபோகிறபோது வானொலியில் எந்த நேரமும் காலநிலை சொல்கிறார்கள். வெளியே பார்த்தாலே தெரிகிறதே! விழாவுக்கான நாதஸ்வரத்தையும் வானிலேதான் சரிபார்த்தேன். உறை மாறிவிட்டது.

போனில் நம் இருவருக்கும் "சாப்பிட்டியா", "ஓம்" என்பதைத் தாண்டி ஓடுவதில்லை. அதற்குள் அம்மா பறித்துவிடுவா. அதனால் எழுதுகிறேன். ஒரு கேள்வி. இந்த "ரஸ்ட் மெடோ" என்பவர்கள் யார்? துருப்பிடித்த புல்வெளி என்று பெயர். கேட்டால் கொம்யூன் நகரசபைக்கு அறிவிக்க வேண்டிய விஷயம் போல இருக்கிறது. எதற்கு இவ்வளவு கோபம்?

நீ கோபித்துக்கொண்டு ஸ்தவாங்கர் போன பிறகு இரண்டாவது நத்தார் பண்டிகை வருகிறது. வா என்று கூப்பிடவில்லை. வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா


ஸ்தவாங்கர்
8.12.2005

அப்பா,

பஸ்ஸில் வாசித்தேன். சிரித்ததில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. யாராவது வீடியோ எடுத்திருந்தால் எனக்கு ஒரு பிரதி வேணும்.

ஆனால் அது என்னுடைய தட்டு. கேட்டு எடுத்திருக்கலாம்.

அது கோபம் இல்லை, அவசரம். அவர்கள் நான்கு பேர். அமெரிக்காவில் ஒஹாயோ என்ற மாநிலம். தொழிற்சாலை மூடிப்போன ஒரு சின்ன நகரம். ஒரு டயர் கடையின் பின்னறையில், கடை பூட்டிக் கிடந்த ஒரு வார இறுதியில் பதிவு செய்தார்கள். திங்கள் காலை கடைக்காரர் வந்து திறக்க முன்னம் எல்லாம் முடிய வேணும். அதனால்தான் அவ்வளவு வேகம். மேளக்காரன் எண்ணுகிறது பதிவானதை அழிக்கவில்லை. அழிக்க நேரம் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணிக்கைதான் முழுத் தட்டிலும் நல்ல இடம்.

இரண்டாவது தட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. விமான நிலையப் படம் போட்டது. பெரிய கம்பனி ஒன்று அவர்களை எடுத்த பிறகு வந்தது. இப்போது நானே சொல்லிவிட்டேன், எடுக்கலாம்.

நத்தாருக்கு மருத்துவமனையில் எனக்கு வக்ட், முறை வேலை. ஆள் குறைவு என்று பொய் சொல்லலாம். நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு அன்பு.

துவனி


அம்மருட்
12.2.2006

அன்பு மகளுக்கு,

அனுமதியுடன் இரண்டாவது தட்டையும் கேட்டேன். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது உனக்கும் தெரியும், உன் மிருதங்க மாஸ்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒருநாள் சபையில் தாளம் போட்ட என் கையை அவர் பிடித்து மடியில் வைத்துவிட்டார்.

முதல் தட்டில் மேளக்காரன் நம் மேல்மாடி வீட்டில் அலுமாரி நகர்த்துவதுபோல அடிக்கிறான். இரண்டாவதில் அதே மனிதன் சப்பாத்துத் துடைத்துக்கொண்டு ஹோட்டல் வரவேற்பறைக்குள் நடந்து வருகிறான். எனக்கு அந்த நடை தெரியும். பின்கதவால் துணி இறக்குகிற நானே முன்வாசலால் போக வேண்டி வந்தால் அப்படித்தான் நடப்பேன். பிறகு வயலின்கள் வேறு. பாட்டுக்காரனின் குரலை முன்னுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் எண்ணுகிறவனைக் காணவில்லை.

போன சனி ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வெங்காயம் எடுத்துக்கொண்டு நிற்கிறேன், மேலே அந்தத் தட்டில் உள்ள பாட்டு போகிறது. அம்மாவிடம் சொன்னேன்:

"உதயம், இவங்களை எனக்குத் தெரியும்."

"ஆரை?" என்று அம்மா திரும்பிப் பார்த்தா. பின்னால் ஒரு நோர்வே கிழவர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வணக்கமும் வைத்தா.

எனக்கு விளங்காத ஒன்று. கைக்கு நன்றாக வந்த ஒன்றை ஒருவன் ஏன் விடுகிறான்? ஆசைப்பட்டுப் பழகி, எல்லாரும் நல்லது என்று சொன்ன பிறகு? ஜெயரத்தினத்தின் மகள் சாருகாவுக்கு ஜூனில் வீணை அரங்கேற்றம். அழைப்பிதழ் வந்தது, நல்ல தடித்த தாள். உன் அரங்கேற்றத்துக்கு நாங்கள் அடித்ததும் அதே தாள்தான். நீ மாட்டேன் என்ற பிறகு கொடுக்காமல் விட்ட பெட்டி இன்னும் நிலவறையில் கிடக்கிறது. சும்மா சொன்னேன்.

அப்பா


ஸ்தவாங்கர்
5.3.2006

அப்பா,

நீங்கள் சும்மா சொல்கிற எதுவும் சும்மா இல்லை.

ரஸ்ட் மெடோ வாசிக்கிற இடங்களில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். முதல் தட்டு வந்த காலத்திலிருந்து வருகிறவர். அவர்கள் புதிதாக என்ன வாசித்தாலும் "பழசைப் போடு" என்று கத்துவார். தனக்குத்தான் அவர்கள் மேல் உண்மையான அன்பு என்று நினைப்பார். அப்பா, நீங்கள் அந்த ஆள்.

அந்த டயர் கடை இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். இல்லாத கடை திறக்க முன்னம் முடிக்க வேணும் என்று அவர்கள் வாழ்நாள் முழுக்க ஓடுகிற மாதிரி நடிக்க வேணுமா?

இன்னொன்று. நான் இங்கே ஒரு குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறேன். இங்வில்ட் என்ற என் சிநேகிதி கித்தார். படிப்பையும் விடவில்லை, தாதி வேலையையும் விடவில்லை, பயப்பட வேண்டாம். அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கோ, அல்லது சொல்லாதேங்கோ.

அரங்கேற்றத்தை நிப்பாட்டிய அன்று "மண்டபத்துக்கு என்ன சொல்லுறது? சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்று நீங்கள் கத்தினீர்கள். ஏன் நிப்பாட்டினாய் என்று கத்தினீர்கள். ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்றாவது தட்டை இதோடு அனுப்புகிறேன். நான் போகும்போது கையோடு கொண்டு வந்தது இது ஒன்றுதான். இது வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. பாதிச் சனம் அவர்களை விட்டுப் போய்விட்டது. விருப்பம் என்றால் கேளுங்கோ. பதில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உங்கள் இஷ்டம்.

துவனி


அம்மருட்
1.10.2006

அன்பு மகள் துவனிக்கு,

பதில் எழுதக் கோடை முழுவதும் போய்விட்டது. எழுதத் தொடங்கினால் முதல் வரியில் நான் நியாயம் கதைக்கிறேன், இரண்டாவது வரியில் அதைவிட நல்ல நியாயம் கதைக்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டு வான் ஓட்டப் போய்விடுவேன்.

முதலில் தட்டுக் கதை. நீ அனுப்பியதை வானில் போட்டேன். பாடுகிறான், கித்தார் போகிறது, கீழே ஒன்றும் இல்லை. நல்ல வெறுமை. பின்பக்க ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்து லோண்டரி மெக்கானிக்கிடம் விட்டேன். அந்த மனிதன் இரண்டு கதவுகளையும் கழற்றி, வயரைப் பிடித்துப் பார்த்து, பிறகு குந்தியிருந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"வானில் பிழை இல்லை, பத்மா. இந்தப் பாட்டில் மேளமே இல்லை."

நாக்கு வளையாததால் அங்கே என் பெயர் பத்மாதான். முழு லோண்டரிக்கும் தெரிந்துவிட்டது. இப்போது ஏதாவது இயந்திரம் சத்தம் போடாமல் நின்றால் "பத்மாவைக் கூப்பிடு" என்கிறார்கள்.

பிறகுதான் உறைக்குள் இருந்த படத்தைப் பார்த்தேன். மூன்று பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் சும்மா இருக்கிறது. மேளக்காரன் எங்கே? கோபித்துக்கொண்டு போய்விட்டானா? ஏன் வேறொருவனைப் பிடிக்கவில்லை? கேட்டால் வர எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

ஜூனில் சாருகாவின் அரங்கேற்றத்துக்குப் போனேன். அம்மா "முகத்தைக் காட்டிப்போட்டு வருவம்" என்றா. பிள்ளை நன்றாக வாசித்தாள். எனக்கு நன்றாக என்றால் என்ன என்று தெரியாது, ஆனால் ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் ஜெயரத்தினம் மண்டபத்துக்கு வெளியே, யாருடைய கார் யாருடைய காரை மறிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்து, வீடியோக்காரரை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மகள் சிரித்தது அவருக்குத் தெரியாது. எனக்கு அவர்மேல் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. சாப்பிடாமல் வந்துவிட்டேன். வடை முடிந்துவிட்டதாக்கும் என்று அம்மா நினைத்தா.

ட்ரம்ஸ் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அதுவும் தோல்தானே" என்று மட்டும் சொன்னா. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது கேட்கிறேன், பிள்ளை. கத்தவில்லை. ஏன் நிப்பாட்டினாய்?

அப்பா


ஸ்தவாங்கர்
14.1.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத எனக்கும் நாள் எடுத்தது. குறை நினைக்க வேண்டாம்.

கடைசி ஒத்திகை. பாடகரும் வயலினும் நிறுத்தி, நான் மட்டும் தனியாக வாசிக்கிற பகுதி. மாஸ்டர் எழுதித் தந்ததை அப்படியே வாசித்துக்கொண்டு போகிறேன். ஓர் இடத்தில் கை தானாக விலகி வேறு எங்கேயோ போய்விட்டது. யாரும் சொல்லித் தராத இடம். பயந்துவிட்டேன். ஆனால் சுற்றிப் போய்ச் சரியாகத் தாளத்தின் தொடக்கத்தில் வந்து விழுந்தேன். வாழ்க்கையில் முதல் தரம் அது என்னுடைய அடி.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மாலைக்கு அளவு பார்த்துக்கொண்டு நின்றா. நீங்கள் வீடியோக்காரருக்கு எங்கே நிற்க வேணும் என்று காட்டிக்கொண்டு நின்றீர்கள். மாஸ்டர் "எழுதினதை வாசி பிள்ளை" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், மேடையில் மற்றவர்களுக்கும் அவர் பொறுப்பு. ஆனால் யாராவது ஒருவர் "இப்ப என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் நான் அரங்கேறியிருப்பேன். கேட்கவில்லை. அவ்வளவுதான் அப்பா. சின்ன விஷயம். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் அப்போது சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் ஜெயரத்தினம் மாமா வீடியோக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்ன இடத்தைப் பல தரம் வாசித்தேன்.

மேளக்காரன் கோபித்துப் போகவில்லை. இரண்டாவது தட்டுக்குப் பிறகு அவனுக்குத் தன் கையே பிடிக்காமல் போய்விட்டதாம். ஊருக்குப் போய்த் தச்சு வேலை செய்தான். கம்பனி வேறு ஆட்களை அனுப்பியது. மற்ற மூன்று பேரும் ஒருவரையும் எடுக்கவில்லை. "அந்த ஸ்டூலில் ஆள் இருக்கு" என்று சொன்னார்களாம்.

இப்போது அவன் திரும்பி வந்துவிட்டான். நான்காவது தட்டு வருகிறது. மார்ச் மாதம் ஒஸ்லோவில் வாசிக்கிறார்கள். இரண்டு ரிக்கெட் எடுத்திருக்கிறேன். இங்வில்ட் வரவில்லை. நீங்கள் வருவீர்களா?

நான் அங்கே குருனர்லொக்காவில் இங்வில்ட்டின் அக்கா வீட்டில் தங்குவேன். மண்டப வாசலில் சந்திப்போம். காதுக்குப் பஞ்சு கொண்டு வாங்கோ. கோயிலுக்குப் போடுகிற சட்டை வேண்டாம்.

துவனி


அம்மருட்
18.3.2007

அன்பு மகள் துவனிக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தியை அம்மா போனில் கேட்டுச் சொன்னா. பிட்டையும் மீன் குழம்பையும் ரயிலில் திறந்ததாகவும், பக்கத்து ஆசனக்காரர் இடம் மாறியதாகவும் அறிந்தேன். நல்லது, காலை நீட்டிக்கொண்டு போயிருப்பாய்.

கச்சேரி பற்றி உன்னோடு கதைத்தது போதவில்லை. முதலாவது, கோயில் சட்டை போட்டதற்கு மன்னித்துக்கொள். மற்றச் சட்டையில் லோண்டரியின் பெயர் அடித்திருந்தது. வாசலில் நின்ற காவலாள் என்னைப் பார்த்து, "பிள்ளையைக் கூட்டிப்போக வந்தீர்களா?" என்று கேட்டான். ஓம் என்றுவிட்டேன். பிறகுதான் ரிக்கெட்டைக் காட்டினேன். பஞ்சை ஆழமாக வைத்துவிட்டதால் நீ பின்னால் இருந்து கூப்பிட்டதும் கேட்கவில்லை. தோளில் தட்டினாய். தலைமயிரை வெட்டியிருந்தாய். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு உன்னைக் கண்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை "பஞ்சு வேணுமோ?"

நான் அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருந்தேன். உண்மையாகச் சொல்கிறேன். முதல் தட்டின் பாட்டு வரப்போகிறது என்று கித்தாரில் தெரிந்ததும் முழு மண்டபமும் மூச்சைப் பிடித்தது. அவன் எண்ணவில்லை. தடியைக் கீழே வைத்துவிட்டு, தூசு தட்டுகிற தும்பு போன்ற ஒன்றை எடுத்தான். அந்த இரும்புக் கடைப் பாட்டை, பாதி வேகத்தில், யாரோ நித்திரை கொள்கிற அறைக்குள் நடப்பதுபோல வாசித்தான். அடிக்க வேண்டிய இடங்களில் பாதியை விட்டுவிட்டான். விட்ட இடங்களும் கேட்டன. தலை நரைத்துப்போய் இருந்தது. முகத்தில் அவசரமே இல்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற மொட்டைத் தலைக்காரர் கையை உயர்த்தி, பழையபடி வாசிக்கச் சொல்லிக் கத்தினார். நீ உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நான் இல்லை!" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பு பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

முடிந்த பிறகு நீ குருனர்லொக்காப் பக்கம் திரும்பாமல் என்னோடு மெட்ரோவில் ஏறினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவாய் என்று பயம். அம்மா கதவைத் திறந்து உன்னை மேலும் கீழும் பார்த்து, "இதென்ன தலை? கோழி கொத்தினதே?" என்றா. பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் வெங்காயம் வெட்டினா. அந்த நேரத்தில் வெங்காயம் போடுகிற சமையல் ஒன்றும் அடுப்பில் இருக்கவில்லை.

காலையில் உன் அறையில் ஹீற்றருக்கு மேல் இருந்த தண்ணீர்ச் சட்டியைக் காட்டி, "இது என்னத்துக்கு அப்பா?" என்று கேட்டாய். பூக்கண்டுக்கு என்றேன். அறையில் பூக்கண்டு இல்லை. நீ சட்டியைப் பார்த்தாய், மூலையில் இருந்த மிருதங்கத்தைப் பார்த்தாய். போய்த் தோலில் விரலை வைத்துப் பார்த்தாய். குளிர்கால வீட்டுக் காற்றில் தோல் காய்ந்து வெடித்துவிடும் என்று மாஸ்டர் ஒருநாள் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் வாசலில்தான் நின்றேன். தண்ணீர் குறைந்திருந்தது. நீ சட்டியை எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாய்.

மே மாதம் உங்கள் குழு ஸ்தவாங்கரில் வாசிக்கிறது என்று அம்மாவிடம்தான் சொன்னாயாம். அம்மா லீவு கேட்கச் சொல்கிறா. கேட்டுவிட்டேன். வீடியோக்காரர் யாரும் வர மாட்டார்.

இனி ரயில் நிலையக் கதை. நீ ஏறி நின்றுகொண்டு கேட்டாய்:

"அப்பா, அவங்கடை தட்டுகளிலை எது உங்களுக்குப் பிடிச்சது?"

"முதலாவதுதான். அடி எண்டா அது அடி!"

"தெரியும். நீங்கள் அந்த ஆள்தானே."

கதவு மூடிவிட்டது. நீ கண்ணாடிக்குள் நின்று கை காட்டினாய், நானும் காட்டினேன். அந்த மொட்டைத் தலைக்காரரைப் போலவே கையை உயர்த்தியிருக்கிறேன் என்று பிறகுதான் கண்டேன்.

நான் சொன்னது பொய், பிள்ளை. சரியான பதில் வாய்வரைக்கும் வந்தது. ரயில் மேடையில் அத்தனை சனம், அம்மா வேறு பக்கத்தில். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தட்டுத்தான். இப்போதும் வானில் அதுதான் ஓடுகிறது. அடி விழ வேண்டிய இடங்களிலெல்லாம் எனக்கு உன் கை கேட்கிறது.

அப்பா